ஒட்டுப் போட்ட ஊர்

கலைகள் அறுபத்து நான்கு என்று பழைய நூல்கள் கூறும். ஆடலும் பாடலும் ஓவியமும் அந்த வரிசையில் இருப்பதை அனைவரும் அறிவர். ஊசியால் தைக்கும் தொழிலும் அவற்றுள் ஒன்றாக இடம் பெற்றிருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டுவரை நான் அறியேன். அறிந்திருந்தாலும் அதில் இறங்கவேண்டிய தேவை எனக்கு இருந்ததில்லை. வேதியியலில் முதுகலை பயில்கின்றவன் நான். பிப்பெட்டும் பியூரெட்டும் பிடித்துப் பழகிய கை இது. சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்த நாளில் குண்டூசி குத்திக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போன வரலாறும் எனக்கு உண்டு. அத்தகையவன் ஓணம் விடுமுறையில் தொடங்கிப் பொங்கல் வரையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, 24 அங்குல நீளமும் 20 அங்குல அகலமும் உள்ள ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைத்து முடித்தேன் என்றால், விடுதி நண்பர்கள் நம்ப மறுத்ததில் வியப்பில்லை.

“தையல் என்றால் பெண் என்றல்லவா அகராதி சொல்கிறது? உனக்கு ஏன் இந்த வேலை?” என்று தமிழ் இலக்கிய நண்பர் ஒருவர் கேலி செய்தார். “அகராதியில் அடுத்த பொருளையும் பாருங்கள்” என்றேன். நம் கடைத்தெருவில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவருள் எத்தனை பேர் ஆடவர்! தஞ்சைப் பகுதியிலே கோயில் தேர்களுக்குத் தொம்பையும் தோரணமும் அசுமானகிரியும் செய்யும் கைவினைஞர்கள், வண்ணத் துணிகளை யாளியாகவும் மயிலாகவும் தாமரையாகவும் வெட்டி, வேறு துணிமேல் வைத்துத் தைக்கிறார்கள். துணித்துண்டால் படம் வரையும் கலை நமக்குப் புதிதன்று. தேர் அசையும்போது தொங்கி ஆடும் தொம்பையைப் பார்க்கிற நாம், அதைத் தைத்த கையைத்தான் நினைப்பதில்லை.

நான் தைக்கத் துணிந்த காரணம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் என் ஊரைப்பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. நான் பட்டம் பெற்றதும் இப்போது பயில்வதும் பாலக்காட்டுப் பக்கம். இரண்டும் கேரளத்தின் மாவட்டங்களே. ஆயினும் வீட்டிலிருந்து படிப்பிடத்துக்கு வர நான் பிடிக்கும் வழி விந்தையானது. மூணாற்றில் பேருந்து ஏறி, மறையூர்ச் சந்தனக் காட்டைக் கடந்து, சின்னாறு சோதனைச் சாவடியில் கேரளத்தை விட்டு வெளியேறுவேன். உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டுச் சமவெளியில் வந்து, மற்றொரு சாவடியில் மீண்டும் கேரளத்துக்குள் நுழைவேன். 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். இரு பக்கமும் கேரளம், இடையில் தமிழ்நாடு. மூன்று துண்டுத் துணியைச் சேர்த்துத் தைத்தது போன்ற வழி. இருபுறமும் கேட்பது என்னவோ தமிழ்தான்.

என் பூட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து கங்காணி ஒருவர் பின்னால் வந்தவர். போடியிலிருந்து காலால் மலையேறியதாக ஆச்சி சொல்வாள். 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் குத்தகைக்குப் பெற்ற கண்ணன் தேவன் மலைகள் பின்னர்த் தேயிலை நாடாயின. காட்டை வெட்டியதும் செடி நட்டதும் கொழுந்து பறித்ததும் பெரும்பாலும் தமிழ்க் கைகள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் சேர்ந்தன. நாங்கள் நடந்து வேறு மாநிலம் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து வேறு மாநிலத்தவர் ஆனோம்.

தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பை லயம் என்போம். ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். எங்கள் லயத்தில் ஆறு வீடு. எங்களது மூன்றாவது. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி. தகரக் கூரையில் மழை விழும்போது பேச்சுக் கேட்காது. வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் வேலை உள்ளவரைதான் வீடு. தோட்டங்களில் குடியிருக்கும் தொழிலாளர்க்கு வீடு தருவதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கடமையாக்கிற்று. அந்த வீடு பணிக்காக அளிக்கப்படுவது. பணி ஓய்ந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நான்கு தலைமுறை வாழ்ந்த வீடாயினும் அது நம் வீடன்று.

என் தந்தையார் 2019இல் காலமானார். அக்காளுக்கு மணமாகிக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறாள். சென்ற ஓணத்துக்கு நான் வீடு போயிருந்தபோது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பங்குனியோட எனக்கு அம்பத்தெட்டு முடியுது தம்பி. அதுக்கப்புறம் அக்கா வீடுதான்.”

அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போக வேண்டும் என்பது போலச் சொன்னார். எனக்குத்தான் ஏதோ செய்தது. ஏன் செய்தது என்பதைச் சொல்ல நாணமாக இருக்கிறது, எனினும் சொல்கிறேன். அந்த வீட்டைவிட்டு எப்போது போவோம் என்று சிறுவயது முதல் எண்ணிக்கொண்டிருந்தவன் நான். கல்லூரியில், “எந்த ஊர்?” என்று கேட்டால் “மூணாறு” என்பேன். “ஆகா, எவ்வளவு அழகான ஊர்!” என்பார்கள். பனிமூட்டமும் பச்சை மலையும் விருந்தினர் மாளிகையும் அவர்கள் கண்முன் வந்திருக்கும். நான் திருத்தியதில்லை. ஐந்தாண்டுப் படிப்பில் ஒரு நண்பனையேனும் லயத்துக்கு அழைத்துச் சென்றதில்லை. இனி அழைக்க நினைத்தாலும் இயலாது என்று தெரிந்த அன்று இரவுதான் அந்த வீடு எனக்கு வேண்டும் போல் இருந்தது.

அன்றிரவு குளிர் மிகுதி. நான் போர்த்துக்கொண்டது ஆச்சி தைத்த பழம்போர்வை. ஐந்தாறு நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெடுக ஓட்டுத் தையல் போட்டுச் செய்தது. கிழிந்த இடத்திலெல்லாம் ஒட்டு. ஒட்டின்மேல் ஒட்டு. எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு அப்படி ஒன்று இருக்கும். கடையில் கம்பளம் வாங்க வழியில்லாதவர் கண்ட வழி அது. உடலைச் சூடாக வைப்பது துணி என்று நினைக்கிறோம். உண்மையில் துணிகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றுத்தான் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. ஒரு தடித்த சேலையைவிட ஐந்து மெல்லிய சேலை கதகதப்பாயிருப்பதன் காரணம் இதுவே. ஆச்சி இயற்பியல் பயின்றதில்லை. சனவரியில் வெப்பநிலை சுழியைத் தொடும் மலையில் பிள்ளைகளை வளர்த்தவள்.

அந்த ஒட்டுகளைத் தடவியபடி படுத்திருந்தபோது, இத்துணிகளாலேயே நம் லயத்தை ஒரு படமாகத் தைத்தால் என்ன என்று தோன்றிற்று. நிழற்படம் இருக்கிறதே என்பீர்கள். கைப்பேசியில் நூறு படம் உண்டு. ஆனால் நிழற்படத்தில் அம்மாவின் சேலை இல்லை. சேலையின் படம்தான் இருக்கிறது.

ஏழைக் கைகள் ஒட்டுத்துணியில் உலகைத் தைத்த கதைகள் பல உண்டு என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கிப் பூவும் மீனும் தைப்பதைக் காந்தா என்கிறார்கள். அச்சொல்லும் நம் கந்தையும் உறவு. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி இனத்துப் பெண்கள் கவந்தி என்னும் ஒட்டுப்போர்வை செய்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்நாட்டுக்கு வந்தோரின் வழிவந்தவர்கள் அவர்கள். ஓரத்தில் தைக்கத் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவது அவர்கள் முறை. முடிவில் நான்கு மூலையிலும் முக்கோணமாய் மடித்த சிறு துணியைப் பூவாக வைப்பார்கள். பூ இல்லாத போர்வை ஆடையில்லாதது போல என்று கருதுவார்களாம்.

அமெரிக்க நாட்டில் ஆரியட் பவர்ஸ் என்றொரு பெண்மணி. 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் அவர் தைத்த படப்போர்வைகளுள் இரண்டு இன்றும் இருக்கின்றன. ஒன்று வாசிங்டன் அருங்காட்சியகத்தில், மற்றொன்று பாஸ்டனில். விவிலியக் கதைகளோடு, 1833 நவம்பரில் வானிலிருந்து விண்மீன்கள் கொட்டியது போல் தோன்றிய விண்கல் மழையையும் அவர் துணியில் தைத்திருக்கிறார். அவர் பிறக்குமுன் நிகழ்ந்தது அது. பெரியவர்கள் சொல்லக் கேட்டது. முதற்போர்வையை விற்க மறுத்தவர், சில ஆண்டுகள் கழித்து வறுமை நெருக்க 5 டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அதைப் பார்த்துவர அவ்வப்போது சென்றாராம். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு பாடம் ஓடவில்லை.

சரி, கதைக்கு வருவோம். துணி சேர்ப்பது எளிதாக இருந்தது. வானத்துக்கு என் பள்ளிச் சீருடைச் சட்டை, வெளிர் நீலம். மலைக்கு அம்மாவின் கரும்பச்சைச் சேலை. தேயிலைச் சரிவுக்குப் பாலக்காட்டுத் தையற்கடை அண்ணாச்சி கொடுத்த வெட்டுத்துணிகள். பச்சை என்றால் ஒரு பச்சையா, பதினோரு பச்சை கிடைத்தது. கூரைக்கு அப்பாவின் சாம்பல்நிறக் கைலி. ஓரத்துக்கு ஆச்சியின் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைக் கரை. கதவுகளுக்கு அம்மாவின் சிவப்புச் சேலை.

அந்தச் சிவப்புச் சேலைக்கு ஒரு வரலாறு உண்டு. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டு, சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாங்களே சாலையில் வந்து அமர்ந்தார்கள். ஒன்பது நாள் நகரம் அசையவில்லை. பெம்பிளை ஒருமை என்று நாடறிந்த போராட்டம் அது. கேட்ட விழுக்காட்டைப் பெற்றே எழுந்தார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மா காலையில் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போவார். இரவில் வந்து அதையே துவைத்துப் போடுவார். அதை வெட்டக் கொடுப்பாரோ என்று அஞ்சினேன். “வெட்டிக்கோ. மடிச்சு வெச்சா பூச்சிதான் திங்கும்” என்றார்.

வெட்டுமுன் துணிகளை நனைத்துக் காய வைக்க வேண்டும். இல்லையேல் பின்னால் ஒன்று சுருங்க ஒன்று சுருங்காமல் படம் கோணிப்போகும். இதைப் படித்திருந்தேன். ஆகவே விடுதியில் ஒரு வாளியில் எல்லாத் துணியையும் ஒன்றாக ஊறப் போட்டேன். காலையில் பார்த்தால் வானம் சிவந்திருந்தது. இழையோடு சகப்பிணைப்புக் கொள்ளும் சாயம் எளிதில் நீரில் இறங்காது. பிணையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம் இறங்கிவிடும். இறங்கியது அடுத்த துணியில் ஏறும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். தொலைபேசியில் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “சாயத் துணியைத் தனியா நனைக்கணும்னு எட்டு வயசுல எனக்குத் தெரியும். இதுக்கா ராசா எம்.எஸ்ஸி. படிக்கிறே?”

வேறு நீலத்துணி தேடலாம் என்று எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன். அம்மா கொழுந்துக்குப் புறப்படும் நேரத்து வானம் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது பிழை வெட்டுவதில். துணியில் பாவு நூல் நெடுக்கே ஓடும்; ஊடை நூல் குறுக்கே ஓடும். இவ்விரு திசையிலும் இழுத்தால் துணி அவ்வளவாக நீளாது. மூலைவாட்டத்தில் இழுத்தால் நீளும். தையற்காரர் இதைக் கிராஸ் என்பர். தேயிலைச் சரிவு சரிவாகத்தானே இருக்க வேண்டும் என்று எண்ணிப் பச்சைத் துண்டுகளை எல்லாம் சரிவாகவே வெட்டித் தைத்தேன். கீழே வைத்ததும் மலைச்சரிவு அலை அலையாய் எழும்பிற்று. அண்ணாச்சி கடைக்கு எடுத்துப் போனேன். கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். “கிராஸ்ல வெட்டிருக்கே. அதான் ரப்பர் மாதிரி வருது. சரிவு தையல்ல வரணும் தம்பி, நூல்ல வரக்கூடாது” என்றார். பிரித்தேன். பதினோரு பச்சையையும் நூலோட்டம் பார்த்துத் திரும்ப வெட்டினேன். ஒரு வாரம் போயிற்று.

மூன்றாவது பிழைதான் பெரிது. வரைபடத்தாளில் கணக்காகப் படம் போட்டிருந்தேன். நடுப்படம் 18 அங்குல நீளம். ஆறு வீடு, வீட்டுக்கு 3 அங்குலம். ஆறு மூன்று பதினெட்டு. சுவருக்கு வெள்ளைத் துணியை மூன்று மூன்று அங்குலமாய் வெட்டி, ஒவ்வொன்றிலும் சிவப்புக் கதவை வைத்துத் தைத்து, ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தேன். மலைக்குக் கீழே வைத்துப் பார்த்தால் லயம் குறைந்திருந்தது. அளந்தால் பதினைந்தரை அங்குலம்! ஊசிப்பிழையோ, அளவுகோற்பிழையோ என்று இரவெல்லாம் யோசித்தேன். விடை மிக எளிது. இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்தால் இருபுறமும் கால் கால் அங்குலம் உள்ளே மடிந்துபோகும். ஓர் இணைப்புக்கு அரை அங்குலம். ஆறு வீட்டுக்கு ஐந்து இணைப்பு; இரண்டரை அங்குலம் போயிற்று. “உள்தையலுக்கு விட்டியா?” என்று அண்ணாச்சி கேட்ட முதல் நாளே தலையாட்டியவன் நான்.

அறிவியல் மாணவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. இணைப்புக்கு விலை உண்டு. ஒவ்வொரு துண்டும் தன் ஓரத்தைக் கொஞ்சம் இழந்தால்தான் அடுத்ததோடு சேரும். தாளில் போடும் கணக்கு அந்த இழப்பைக் காட்டுவதில்லை.

மீண்டும் வெட்ட வெள்ளைத் துணி இல்லை. அது ஆச்சியின் கடைசிச் சேலை. கணவரை இழந்தபின் அவள் வெள்ளைதான் உடுத்துவாள். மேற்கொண்டு கிடைக்கும் துணி அன்று. “இன்னொரு வீடு வெச்சுத் தைச்சிரு. மூணு அங்குலம் வெட்டு. அரை அங்குலம் தையலுக்குப் போனா சரியா பதினெட்டு வந்திரும். யாரு எண்ணப் போறா?” என்றார் அண்ணாச்சி. கணக்குச் சரி. மனம் ஒப்பவில்லை. எங்கள் லயத்தில் ஆறு வீடுதான். இல்லாத ஏழாவது வீட்டில் யார் குடியிருப்பது?

லயம் என்பது என்றும் நிற்கும் கட்டடம் என்று நாங்கள் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் மண்ணும் பாறையும் வந்து லயங்களை மூடின. எழுபது உயிர் போயிற்று; நால்வர் உடல் கிடைக்கவேயில்லை. எங்கள் தோட்டம் தொலைவில் இருந்தது. ஆயினும் அதன்பின் அடைமழை பெய்யும் இரவுகளில் எங்கள் லயத்தில் எவரும் முழுதாக உறங்கியதில்லை. மறுநாட்களில் சேற்றிலிருந்து எடுத்த பொருள்களுள் சேலைகளும் பள்ளிச் சட்டைகளும் இருந்ததைப் படங்களில் பார்த்தேன். துணியைக் கொண்டு ஆளைத் தெரிந்துகொள்ளும் நிலை எவர்க்கும் வரக்கூடாது. நான் ஆறுக்கு ஆறு என்று பிடிவாதம் பிடித்ததற்கு இந்த நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம். எத்தனை வீடோ அத்தனைதான் வைக்க வேண்டும்.

மார்கழி விடுமுறையில் குறைப்பட்ட துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அம்மா அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். கதவுகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு, அவ்வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது கதவில் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போனார். ஆறும் முடிந்து விரல் வெறுமையில் வந்து நின்றது.

“இது என்னடா, இங்கே ஓட்டை?”

“கணக்குத் தப்பிப் போச்சும்மா. இன்னொரு வீடு வைக்கலாம்னு அண்ணாச்சி சொன்னாரு.”

“வீடு எதுக்கு? கடைசி வீட்டுக்கு அந்தாண்ட பாறை கிடக்குதுல்ல? உங்க ஆச்சி வெயில் காய்ஞ்சுகிட்டே உக்காந்திருப்பாளே, அதை வை.”

எழுந்து போய், பெட்டியின் அடியிலிருந்து ஆச்சியின் கம்பளியை எடுத்து வந்தார். மழையில் கொழுந்து பறிக்கும்போது தலையோடு போட்டுக்கொள்ளும் கருங்கம்பளி. மடிப்பில் பொத்தல் விழுந்திருந்தது. பொத்தல் படாத இடத்தில் கத்தரியை வைத்து, அளவுகோல் இல்லாமல் ஒரு துண்டு வெட்டினார். அளந்து பார்த்தேன், மூன்று அங்குலத்துக்கு நூலிழை கூடுதல். கம்பளித் துண்டு பருமனாயிருந்ததால் முதல் ஊசி ஒடிந்தது. சாக்குத் தைக்கும் ஊசியை அம்மா கொடுத்தார். அந்த ஓர் ஒட்டை மட்டும் அவரே தைத்தார். அவர் போட்ட தையல் என் தையலைவிடச் சிறிது, நெருக்கம், ஒன்று போல் இருந்தது. எங்கே என் கை நின்றது, எங்கே அவர் கை தொடங்கிற்று என்பது இன்று பார்த்தாலும் தெரியும்.

“யாராவது கேட்டா பாறைன்னு சொல்லு” என்றார்.

பிறகு வேலை விரைவாக நடந்தது. மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, கீழே பழைய வேட்டி என்று மூன்றையும் அடுக்கி, நகராமல் இருக்க நெடுகப் பெரிய தையலாய் நூலோட்டிக்கொண்டேன். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சிறு ஓட்டுத் தையல். நடுவில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கும். சித்திப் பெண்களோ ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறார்கள். எம்முறை சிறந்தது என்று வாதிட எனக்குத் தகுதியில்லை. அவர்கள் போர்வையில் சுருக்கமே அழகு. தேயிலை வரிசை எப்படி ஓடுமோ அப்படியே என் தையலை ஓடவிட்டேன். நடுவிரலில் நான்கு முறை ஊசி ஏறிற்று. விரலுக்கு அங்குஸ்தான் மாட்டிக்கொள் என்று அண்ணாச்சி சொன்னது நான்காம் முறைக்குப் பிறகே புத்தியில் ஏறிற்று.

கடைசியில் நான்கு மூலையிலும் சுங்குடித் துணியை முக்கோணமாய் மடித்து நான்கு பூ வைத்தேன். காணாத அந்தச் சித்திப் பெண்களிடமிருந்து கடன் வாங்கியது அது.

மூணாற்றிலேயே 1994 முதல் இயங்கிவரும் அரண்யா என்னும் இயற்கைச் சாயக்கூடத்தைத் தை மாதத்தில் போய்ப் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத் திறனாளிகள் பணிசெய்யும் இடம் அது. தேயிலைக் கழிவும் யூகலிப்டசு இலையும் துணியில் ஏறி நிறமாகும் விந்தையை அங்கே காணலாம். பேருந்தில் எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். ஊசி எடுத்த பின்னரே உள்ளே போகத் தோன்றிற்று. பிறந்த ஊரில் நான் பாராதது இன்னும் எவ்வளவோ!

முடிந்த போர்வையை விடுதி அறைச் சுவரில் சில வாரம் தொங்கவிட்டிருந்தேன். ஆலப்புழை நண்பன் ஒருவன் உற்றுப் பார்த்து, “இது என்ன, ரயிலா?” என்று கேட்டான். நீளக் கூரையும் வரிசைக் கதவும் அவனுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. சிரித்தேன். பிறகு, ஐந்தாண்டாக எவரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். மூன்றாவது கதவு எங்களுடையது என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. “அடுத்த முறை போகும்போது என்னையும் அழைத்துப் போ” என்றான். மாசியில் அழைத்துப் போனேன். அம்மா அவனுக்குக் கறுப்புத் தேநீரும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொடுத்தார். சாவியைக் கொடுப்பதற்கு இருபது நாள் முன்னால் எங்கள் லயத்துக்கு என் முதல் நண்பன் வந்தான்.

அம்மா இப்போது கொழிஞ்சாம்பாறையில் அக்காள் வீட்டில் இருக்கிறார். மூணாறு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே சமவெளி. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் அமைந்த பாலக்காட்டுக்கு வெயிற்காலத்தில் 40 பாகை வெப்பம் புதிதன்று. போர்வையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது அம்மா விசிறிக்கொண்டே சொன்னார்: “இந்த வெக்கையில போர்வைக்கு என்னடா வேலை? அதுவும் பாதி ஆளுக்குக்கூடக் காணாது.” காற்றைச் சிறைப்படுத்திக் கதகதப்பைக் காக்கும் என் இயற்பியல் விளக்கமெல்லாம் அங்கே பயன்படவில்லை. மச்சான் ஆணி அடித்தார். சுவரில் மாட்டினோம்.

அக்காளின் மகளுக்கு நான்கு வயது. அவள் இப்போது எண் கற்கிறாள். கதவுகளை எண்ணுவது அவளுக்கு நாள்தோறும் விளையாட்டு. ஆறு எண்ணியபின் கருந்துண்டைத் தொட்டு, “இது என்ன ஆச்சி?” என்பாள். “பாறை” என்பார் அம்மா. ஒரு நாள் நானும் இருந்தேன். குழந்தை விடவில்லை. “பாறை ஏன் சொரசொரன்னு இருக்கு?” என்றாள். அம்மா விசிறியைக் கீழே வைத்துவிட்டு அவளை மடியில் இருத்திக்கொண்டார். எங்கள் ஆச்சியின் கதையை அன்றுதான் முதலிலிருந்து முடிவுவரை நானும் கேட்டேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பெட்டிக்கடியில் பழந்துணி இருக்கும். தரை துடைக்கவோ பாத்திரக்காரனுக்குப் போடவோ எடுக்குமுன், அது யாருடையது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். கேட்டபின் நாலு துண்டு வெட்டித் தைத்தும் பாருங்கள். கலை வராவிட்டாலும் கதை வரும். உள்தையலுக்குக் கால் அங்குலம் விடுங்கள். சிவப்பைத் தனியாக நனையுங்கள். ஊசி மட்டும் பெரிய கண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.